ஒஃபேலியாவின் நல்ல மாணவர்

"கையை மட்டும் நீட்டிட்டு நிக்காதீங்க, இஞ்சினியர். இன்னொரு கையால தோளைத் தட்டணும். அப்புறம் ஒரு அணைப்பு. அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்."

ஒஃபேலியா சொல்லி வாய் மூடவில்லை. அவர், பாடத்துக்காக அவள் மேலே கூப்பிட்டு நிறுத்தியிருந்த வாட்ச்மேனை இழுத்து அணைத்து, முதுகில் பலமாகத் தட்டி, அவன் அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா என்று விசாரித்தார். காலையில் கேட்டில் காத்திருந்த கொஞ்ச நேரத்திலேயே அந்த முழங்காலைப் பற்றித் தெரிந்துகொண்டிருக்கிறார்.

ஒஃபேலியாவுக்கு நம்பவே முடியவில்லை. கெரேத்தரோ நகரின் அந்தக் கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்து வருகிற டைரக்டர்களை மெக்சிகோவுக்குப் பழக்கிவிடுவதுதான் அவள் வேலை. முதலில் வந்தவர், கூட்டத்துக்கு யாராவது தாமதமாக வந்தால் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்வார். ஒருநாள் உள்ளே அவர் மட்டும் இருந்தார். அந்த மாதமே ஊருக்குத் திரும்பிவிட்டார். அடுத்தவர், வாடிக்கையாளர் வீட்டு விருந்தில் சூப் வருவதற்குள் விலையைப் பற்றிப் பேச்செடுத்து, பெரிய ஆர்டரையே கோட்டை விட்டவர்.

"மூணாவது ஆளும் ஓடினா, அவரோட சேர்த்து உங்களையும் ஏர்போர்ட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று முதலாளி பாரியெந்தோஸ் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் நடந்துவிடும்.

அதனால்தான் காலையில் வரவேற்பிலிருந்து "ஒரு ஜெர்மன்காரர் வந்திருக்கார்" என்று போன் வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு கீழே ஓடினாள். ஆறடி உயரம், வைக்கோல் நிறத் தலைமுடி, நீலக் கண். கோட்டு சூட்டு இல்லை. கட்டம் போட்ட சட்டையும் கையில் ஒரு தொப்பியும்தான். பந்தா இல்லாத ஆள் என்று பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. மேலே அழைத்துப்போய்க் காபி கொடுத்து, அவரை வாய் திறக்க விடாமல் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஸ்பானிஷ் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. ஒரே குறை, அழுத்தமான 'ச்ச' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ஷ' என்றார்.

"எங்க பக்கம் எல்லாருமே இப்படித்தான் பேசுவோம், சென்யோரா" என்றார் கூச்சத்தோடு.

ஜெர்மன் நாக்கு, போகப் போகச் சரியாகிவிடும் என்று அவள் தேற்றினாள்.

இங்கே யாரையும் மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பட்டம் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், பட்டம் இல்லாதவரை அப்படிக் கூப்பிட்டாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றாள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அது வாஸ்தவம்தான். நீங்க காலையில இருந்து என்னை இஞ்சினியர்னுதான் கூப்பிடுறீங்க. நல்லாத்தான் இருக்கு."

அடுத்து, எல்லா வெளிநாட்டுக்காரர்களும் கவிழ்ந்துவிழும் கேள்வியைக் கேட்டாள். ஒருவர் 'இதோ அனுப்பிடுறேன்' என்றால் சரக்கு எப்போது வரும்?

"இன்னிக்கு வரலாம். அடுத்த வாரம் வரலாம். வராமலும் போகலாம். ஆனா போன் பண்ணி அவர் பிள்ளைங்க நல்லா இருக்காங்களான்னு கேட்டா, நாளைக்கே வந்துடும்."

அவளுக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. போன டைரக்டர் இந்தக் கேள்விக்கு, 'எத்தனை நிமிஷம் என்று எழுதி வாங்கணும்' என்று பதில் சொன்னவர்.

மதியம் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனாள். பச்சை மிளகாய்ச் சட்னி பக்கமே போகவேண்டாம் என்று எச்சரித்தாள். அவர் அதை சோளரொட்டி மேல் தாராளமாக ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் காரம் இருக்கலாமே என்று கடைக்காரம்மாவிடம் சொன்னார். அந்தம்மா சந்தோஷப்பட்டு இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். கை காய்ந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒஃபேலியாவின் மூத்த மகள் கல்யாணம், அவருடைய நாலு பிள்ளைகள், இந்த வருடம் பொய்த்துப்போன மழை என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அவர் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அறைக்குத் திரும்பியதும் ஒஃபேலியா சந்தோஷம் தாங்காமல் முதலாளிக்குப் போன் போட்டாள்.

"சார், இந்த ஆள் தங்கம். இங்கேயே பொறந்து வளர்ந்த மாதிரி நடந்துக்கிறார். இனிமே எனக்குச் சொல்லிக்குடுக்க ஒண்ணுமே இல்லை. எழுதி வெச்சுக்குங்க, இவர் எங்கேயும் ஓடமாட்டார்."

மறுமுனையில் பாரியெந்தோஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரைச் சொல்றீங்க, ஒஃபேலியா? ஃப்ளைட் லேட்டாகி இப்பதான் வந்து சேர்ந்தார் ஜெர்மன் டைரக்டர். என் எதிர்லதான் உட்கார்ந்திருக்கார். மீட்டிங் எத்தனை மணிக்குன்னு மூணு தடவை கேட்டுட்டார்."

ஒஃபேலியா போனை மெதுவாக வைத்துவிட்டுத் திரும்பினாள். "தப்பா நினைக்காதீங்க... நீங்க யாரு?"

அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாடா என்று நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கொள்ளுத்தாத்தா காலத்துலயே இங்க வடக்கே, சிவாவா பக்கம் வந்து குடியேறின, ஜெர்மன் பேசுற குடும்பம், சென்யோரா. மாடும் சீஸும்தான் பொழைப்பு. உங்க கேன்டீனுக்கு சீஸ் போடலாமான்னு கேக்கத்தான் வந்தேன், நீங்களா பேச்சை எடுக்கட்டும்னு காலையில இருந்து காத்துக்கிட்டிருக்கேன்."