பின்கட்டுப் பூட்டு

கலியாணசுந்தர முதலியார் பின்கட்டு அறைக் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அவங்க கிளம்பற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. என் குடும்ப மானம் இதுல இருக்குது" என்றார் கதவைப் பார்த்து. பதிலுக்கு உள்ளேயிருந்து கதவில் இரண்டு குத்து விழுந்தது.

"பாவம்பா. திறந்து விட்டுடுங்கப்பா" என்றாள் மகள் ஏலவார்குழலி, தலை நிறையப் பூவோடு.

"உன்னைப் பார்க்கத்தான் வராங்க. நீ உன் வேலையைப் பாரும்மா."

அவளுக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. வந்த இடமெல்லாம், வீட்டில் ஒருவனுக்குச் சித்தம் கலங்கியிருக்கிறது என்ற பேச்சைக் கேட்டே தட்டிப்போயிற்று. இன்றைக்கு வருகிற பையன் வீடு ஐயம்பேட்டை. பையன் பி.யூ.சி. தேறியவன். இதுவும் நழுவினால் இன்னொன்று அமைவது கஷ்டம்.

பையனின் அப்பா மாணிக்கவாசக முதலியாரும் அம்மா தில்லையம்மாளும் கூடத்துப் பாயில் அமர்ந்தார்கள். தறியிலிருந்த நமச்சிவாயம் எழுந்து வந்து மோர் ஊற்றினான். தம்ளர் காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருந்தான். மாணிக்கவாசகம் முகத்தைச் சுளித்துப் பார்த்தார். அவன் நிறுத்தவில்லை.

"ஏம்பா, என் வயிறு என்ன சர்வதீர்த்தக் குளமா?"

நமச்சிவாயம் யோசித்தான். "இல்லீங்களே" என்று மறுபடி செம்பைச் சாய்த்தான்.

தில்லையம்மாள் சிரித்துவிட்டாள்.

"போதும்னு சொல்றாருப்பா. செம்பைக் கீழே வை" என்றார் கலியாணசுந்தரம். உடனே வைத்துவிட்டுத் தறிக்குப் போனான்.

"அசல் வெகுளியா இருக்கானே உங்க ஆளு!" என்றார் மாணிக்கவாசகம். கலியாணசுந்தரம் வாயைத் திறக்கும்முன் பின்கட்டில் கதவு தடதடத்தது.

வந்தவர்கள் முகம் மாறியது. "முதலியாரே, மறைக்காம சொல்லுங்க. உங்க புள்ளைக்குச் சித்தம் சரியில்லைன்னு ஊர்ல பேசிக்கினு இருக்காங்க" என்றார் மாணிக்கவாசகம்.

கலியாணசுந்தரத்தின் முதுகு நிமிர்ந்தது. "எனக்கு மறைக்கத் தெரியாது. உண்மைதான்."

"காத்து கருப்பு ஏதாச்சும்..." என்று இழுத்தாள் தில்லையம்மாள்.

"காத்தும் இல்லம்மா, கருப்பும் இல்ல. மூளையில வியாதி. எதிராளி சிரிக்கிறானா, கேலி பண்றானான்னு நமக்கு நம்ம மூளைதான் கண்டுபிடிச்சுக் குடுக்குதுன்னு மெட்ராஸ் டாக்டர் சொன்னார். அவனுக்கு அது தடுமாறுது. முன்னே ஆளில்லாமலே காதுல குரல் கேட்டுக்கினு இருந்துது, மாத்திரையில அடங்கிடுச்சு. முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறது மட்டும் இன்னும் வரல. வாயால சொன்னா எதையும் செய்வான்."

"இதை இவ்ளோ சத்தமா சொல்றீங்களே!"

"ஏம்மா, கால் ஒடிஞ்சவனைப் பத்தி யாராச்சும் ரகசியமா பேசுவாங்களா? கால் ஒரு உறுப்புன்னா மூளையும் ஒரு உறுப்பு. இதுல என் குடும்பத்துக்கு என்ன தலைகுனிவு?"

மாணிக்கவாசகம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்குது. அப்புறம் எதுக்கு, பெத்த புள்ளையைப் பூட்டி வச்சுக்கினு வாய் கிழியப் பேசறீங்க?"

"இந்தச் சம்பந்தம் போனா போவட்டும்" என்ற கலியாணசுந்தரம், தறிப் பக்கம் திரும்பினார். "நமச்சிவாயம், இங்க வாப்பா. அப்பா பக்கத்துல வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். பின்கட்டுக் கதவு மறுபடியும் அதிர்ந்தது.

"உள்ள இருக்கிறது, இவனைப் பூட்டச் சொன்ன எங்க அக்கா!"