நாற்காலிக்குப் பின்னால்

பெரியவரின் இலையில் ஐந்தாவது பூரி விழுந்தது. ஜெரோம் பல்லைக் கடித்தான்.

மேற்குத் தாம்பரத்துக் கல்யாண மண்டபம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் காவல் நின்றது. கொஞ்சம் கண்ணசந்தால் போதும், வேறு எவனாவது வந்து உட்கார்ந்துவிடுவான். ஜெரோம் விவரமானவன். மூன்று வயது ஜோஸ்வினைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கட்டட சைட்டுக்குப் போடுகிற இரும்பு மூக்கு ஷூவோடு ஒரு காலைப் பெரியவரின் நாற்காலிக்கு அடியிலேயே கொடுத்து, கடப்பாரை நட்ட மாதிரி நின்றிருந்தான்.

அந்த மேசையில் மற்றவர்கள் எல்லாரும் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். காவல் நின்றவர்கள் உட்கார்ந்தும் ஆயிற்று. பெரியவருக்குப் பக்கத்து நாற்காலியை ஜெரோமின் மனைவி ஜீவிதா பிடித்திருந்தாள். எல்லார் முன்னாலும் எச்சில் இலை. கடைசி ஆள் எழுந்தால்தான் மேசைக் காகிதத்தை இலையோடு சேர்த்துச் சுருட்டிவிட்டுப் புது இலை போடுவார்கள். கடைசி ஆளோ பட்டு வேட்டி, பட்டுச் சட்டையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மணி எட்டே கால் ஆச்சு. நீ துன்னாமலே கெளம்பு, வழில டீ குடிச்சிக்கோ," என்றாள் ஜீவிதா.

"இன்னா பேசற? சிறுசேரில ஒம்போதரைக்குத் தளம் போடறாங்க. ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் குந்த முடியுமா? வெறும் வயித்துல கலவைச் சட்டி தூக்கினா, மூணாவது மாடிலேருந்து நேரா ஆண்டவர்கிட்டதான் போவேன்."

மழையில் பன்னிரண்டு நாளாக வேலை இல்லை. இன்று பிந்தினால் மேஸ்திரி சவுரிமுத்து வேறு ஆளை ஏற்றிவிடுவார். கல்யாணத்துக்கு வராமலும் இருக்க முடியாது. மாப்பிள்ளை ஹரிபிரசாத் சைட் எலெக்ட்ரீஷியன். ஜெரோமோடு ஒரே டிபன் பாக்ஸில் தின்றவன். சாப்பிடாமல் போனால் மூஞ்சியில் முழிக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

கூடத்து மைக் கரகரத்தது. "பொண்ணோட தாய்மாமா எங்க இருந்தாலும் உடனே மணமேடைக்கு வரவும்."

பெரியவர் நாற்காலியிலிருந்து அரை அடி எழும்பினார். ஜெரோமின் நெஞ்சு துள்ளியது. எழும்பியவர் இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"எடம் பண்ணிக்கிறாரு," என்றான் ஜெரோம். "மூட்டையக் குலுக்கினாதான இன்னும் ரெண்டு படி புடிக்கும்."

பரிமாறுகிறவர் ஆள் இருப்பதைப் பார்த்ததும் ஆறாவது பூரியை, தொடாமல் கிடந்த ஐந்தாவதின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

பெரியவர் தலையைத் திருப்பி ஜெரோமிடம் ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து நாயனக்காரர் ஒரு பிடி பிடித்தார். வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

"நீ துன்னு நைனா!" என்று கத்தினான் ஜெரோம். "நாங்க சும்மாதான் நின்னுகினு கீறோம். மத்தியானச் சாப்பாட்டையும் முடிச்சிட்டே எந்திரி!"

மேசை முழுக்கச் சிரித்தது. பெரியவர் முகம் சுண்டிப்போய் ஜீவிதா பக்கம் திரும்பினார். அவள் வெடுக்கென்று கழுத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சில பேருக்கு அது வயிறா, சேலையூர் ஏரியான்னே தெரியல," என்றாள் சுவரைப் பார்த்து.

மைக் மறுபடி அலறியது. "தாய்மாமா பத்ரிநாராயணன் சார்! பொண்ணு மாலையோட நிக்குது! நீங்க வந்து மேடைக்கு அழைச்சிட்டுப் போகணும். முகூர்த்தம் போயிட்டிருக்கு!"

"எவன்யா அவன், பொறுப்பத்த மாமன்?" என்றான் ஜெரோம். "பொண்ணு அங்க தவிக்குது, இவன் எங்க குந்திகினு துன்னுகினு கீறானோ!"

பெரியவர் மறுபடி எழும்பினார். இந்த முறை முக்கால் அடி. மறுபடி இடுப்பில் கை, மறுபடி நாற்காலி, ஏழாவது பூரி.

ஜெரோமுக்குப் பொறுமை அறுந்தது. அவர் காதருகே குனிந்தான். "பெரியவரே, எட்டரை ஆவப்போவுது. என் பொழப்புல மண்ணப் போடாத. நீயா எந்திரிக்கிறியா, நாற்காலியோட தூக்கி வெளிய வைக்கட்டுமா?"

அதற்குள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணப்பெண்ணின் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். நேராகப் பெரியவர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா! சுகர் மாத்திரை போடணும், ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வரேன்னு போனியே! முக்கால் மணி நேரமாச்சு! மேடையில மானம் போகுது, நீ இங்க பூரி அடுக்கிட்டு உக்காந்திருக்கியா?"

மேளமும் நின்றது. கூடமே பெரியவரைத் திரும்பிப் பார்த்தது.

"ஓ, அந்த மாமன் இவருதானா!" ஜெரோமுக்குத் துணைக்கு ஆள் கிடைத்த தெம்பு. ஊன்றிய காலை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டான். "நல்லா கேளும்மா! நானும் அரை மணி நேரமா நிக்கிறேன், மனுஷன் அசைவேனான்றாரு!"

பெரியவர் எச்சில் கையையும் மறந்து இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

"எந்திரிச்சுடறேம்மா. முதல்ல இந்தத் தம்பியை என் வேட்டி மேலேருந்து காலை எடுக்கச் சொல்லு."