மகள் விரித்த வலை

என் மகள் என்னை ஏமாற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மடியில் லேப்டாப். கண் மட்டும் அடிக்கடி என் கைபேசிக்கு வந்துவிட்டுப் போனது. திருட வந்தவள் முகத்தில் இவ்வளவு பதற்றம் தெரியக் கூடாது. அதை அந்தப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

மின்சார அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கப் போகிறார்களாம். கீழே இருக்கும் லிங்க்கைத் தொட்டு பாஸ்வேர்டைப் போட்டால் மனசு மாறுவார்களாம்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. எதை எடுத்தாலும் ஆகச் சின்ன எழுத்தை முதலில் படித்துத்தான் பழக்கம்.

அனுப்பிய முகவரிக்கும் மின்சார அலுவலகத்துக்கும் சம்பந்தமே இல்லை. லிங்க்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வேறு ஏதோ முகவரி எட்டிப் பார்த்தது. போதாக்குறைக்கு அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த அலுவலகத்தில் ஈ, எறும்புகூட இருந்திருக்காது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

கொஞ்ச நாளாகவே சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வகுப்பு நடந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் அவள் அண்ணனும் தப்பிக்க முடியாது, வீடியோவில் வந்தாக வேண்டும். அவசரப்படுத்தினால் சந்தேகப்பட வேண்டும். பயமுறுத்தினால் சந்தேகப்பட வேண்டும். பரிசு என்றால் பக்கத்திலேயே போகக் கூடாது. அவள் அம்மாவின் பாஸ்வேர்டு என் பெயராக இருந்தது. அதையும் மாற்ற வைத்துவிட்டாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கல்லூரியில் வேதியியலைப் பாதியில் விட்டுவிட்டு இந்த எத்திக்கல் ஹேக்கிங்கில் சேர்ந்தாள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத் திருட வருவது என்று நான் புரிந்துகொண்டேன். சொந்தக்காரர்கள் கேட்டால், ஏதோ கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று மழுப்பிவிடுவேன்.

போன வாரம் எங்களைக் கூட்டி வைத்து அனுமதி கேட்டாள். கடைசி பிராக்டிகலுக்காக வீட்டில் எல்லோருக்கும் ஒரு போலி மெயில் வரும். எப்போது, எந்த வேஷத்தில் என்று சொல்ல மாட்டாள். யார் ஏமாந்தாலும் அவள் திரையிலும் பயிற்சியாளர் திரையிலும் தெரிந்துவிடும். தேறினால் ஒரு கம்பெனியில் வேலை தயார். தேறாவிட்டால் அடுத்த வகுப்போடு சேர்ந்து மறுபடியும் முதலிலிருந்து.

ஞாயிறு சாயங்காலத்தோடு கெடு முடிகிறது என்று மட்டும் வாய் தவறிச் சொல்லியிருந்தாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் திரையில் எந்த அசைவும் இல்லை. கடிக்க நகம் தீர்ந்து போய் விரலைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள்.

திருடப் படித்தவள் எதையாவது திருடிக் காட்டினால்தானே மார்க் போடுவார்கள்?

யார் யாரிடமோ என்னென்னவோ ஏமாந்திருக்கிறேன். பெற்ற பெண்ணிடம் ஒரு தடவை ஏமாந்தால் குறைந்தா போய்விடுவேன்?

லிங்க்கைத் தொட்டேன். பாஸ்வேர்டைப் போட்டேன். ஒழுங்காகப் பதிவாயிற்றோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் போட்டேன். கரண்ட் போய்விடுமே என்று வாய்விட்டுக் கவலைப்படவும் செய்தேன். நடிப்பு எனக்குச் சுமாராகத்தான் வரும்.

மகளின் முகம் மாறியது.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"யாருமே ஏமாறலைன்னாத்தான்ப்பா நான் பாஸ். உங்களுக்கெல்லாம் ஒழுங்காச் சொல்லிக் கொடுத்தேனான்னு பார்க்கத்தான் இந்த டெஸ்டே."

தெரிந்தேதான் தொட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நம்புவாள். அந்தப் பயிற்சியாளரின் திரை நம்பாது.

என் பிள்ளையின் வேலையை என் விரலாலேயே கெடுத்துவிட்டேனே. ஒரே ஒரு ஆள்தானே, மன்னித்து விடுங்கள் என்று பயிற்சியாளரிடமே கேட்டுப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து அவள் அம்மா கைபேசியும் கையுமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நானும் பாஸ்வேர்டு போட்டுட்டேன் கண்ணு. எதுக்கும் இருக்கட்டும்னு உங்க அண்ணனையும் போடச் சொல்லியிருக்கேன்."