பாதி பாட்டில்

"வண்டிய வுட்டு எறங்குடா."

செலியமேட்டில் ஜெயா வீட்டு வாசலில் பைக் நின்றதுமே அவள் சத்தம் கிளம்பிவிட்டது. ஓட்டி வந்தவன் புகழ்வேந்தன். பின்னாலிருந்து ஆடியபடி இறங்கியது ஜெயாவின் ஒரே மகன் ராஜேஷ். இருவருக்கும் ஒரே காலேஜ், ஒரே கிளாஸ்.

"அம்மா, நான் ஸ்டெடி" என்று சொல்லிவிட்டு, ராஜேஷ் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் படுத்தான்.

ஜெயா புகழ்வேந்தனின் பையைப் பிடுங்கிப் பார்த்தாள். காலியான எனர்ஜி டிரிங்க் டின் ஒன்று. பிராந்தி பாட்டில் ஒன்று, பாதி மிச்சத்தோடு.

"பாகூர்ல உங்க மாமன் பிராந்தி கடை வச்சிருந்தா ஊர்ப் புள்ளைங்க எல்லாம் நாசமாப் போவணுமா? ஞாயித்துக்கெழமையானா நீதான எல்லாருக்கும் கலந்து ஊத்தற?"

"ஆமாம்மா, நான்தான்."

செய்வதையும் செய்துவிட்டு இந்தத் திமிர் வேறு. ஜெயாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏற்கெனவே இந்த வூட்ல ஒருத்தர் குடிச்சு நான் படறது போதாதாடா?"

அந்த ஒருத்தர், அவள் கணவர் சிங்காரவேலு, சட்டையை மாட்டிக்கொண்டு வழக்கமான கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா தகராறு?"

ஜெயா பாட்டிலை நீட்டினாள். "எனர்ஜி டிரிங்க்க கலந்து குடிக்கிறானுங்க. இதுல சரக்கு எவ்ளோன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு காலேஜ்ல போயி நிக்கிறேன்."

இந்த விஷயத்தில் ஊரில் அவரை விட்டால் ஆளில்லை. முகர்ந்தார். ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடி இன்னொரு மடக்கு.

"முக்கால்வாசி சரக்குதான். மாடே சாஞ்சுடும்."

பிறகு புகழ்வேந்தன் பக்கம் திரும்பினார். "படிக்கிற வயசுல குடி கேக்குதா உங்களுக்கு? குடி குடியைக் கெடுக்கும்டா." அடுத்த மடக்கும் இறங்கியது. "இது சாட்சி. எங்கிட்டயே இருக்கட்டும்" என்று பாட்டிலோடு உள்ளே போய்விட்டார்.

புகழ்வேந்தன் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா, அதுல ஒரு சொட்டு சரக்கு கெடயாது."

"யார்கிட்டடா கத வுடற? அவரே குடிச்சுட்டுச் சொல்றாரு."

"வெல்லத் தண்ணிம்மா. கூட டீ டிக்காஷன், அந்த டின்ல கொஞ்சம். மாமா கடையில காலி பாட்டில எடுத்து, கழுவாம அதுலயே ஊத்துவேன். வாடை ஒட்டிட்டு இருக்கும். சரக்கு நாக்குல தெரியக் கூடாதுன்னுதான டின்ன கலக்கறானுங்க? சரக்கே இல்லன்னாலும் தெரியாது."

ஜெயா நம்பாமல் பார்த்தாள்.

"பொங்கலுக்கு ராஜேஷ் வண்டியோட வாய்க்கால்ல வுழுந்தான்ல? நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னோம். நாயெல்லாம் வரல. அன்னிக்கு நெஜ சரக்கு, டின்னும் நெறய. போத ஏறினதே தெரியாம ஸ்டெடின்னுட்டு ஓட்டினான். தூக்கும்போது அவனுக்கு நெஞ்சு அப்டி அடிச்சுது. செத்துடுவான்னே பயந்துட்டேன். வாணாம்னு சொன்னா வேற எவங்கிட்டயாவது போயி குடிப்பான். அதான் நானே ஊத்தறேன். டின்னையும் கொறச்சுட்டேன். இப்ப எல்லாருக்கும் சேத்து ஒண்ணுதான்."

"அப்போ இவன் ஆடிக்கிட்டு வந்தானே?"

"அது அவனா நெனச்சுக்கிட்டு ஆடறது. இன்னிக்கு ரெண்டு பேரு லவ் ஃபெயிலியர்னு கட்டிப்புடிச்சு அழுதானுங்க."

ஜெயாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது.

"ஏய் ஜெயா, தல சுத்துதுடி. சோத்தப் போடு. இன்னிக்குக் கடைக்குப் போவல."

எட்டிப் பார்த்தாள். சட்டை மறுபடி ஆணியில் தொங்கியது. காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சிங்காரவேலு சுவரில் சாய்ந்திருந்தார்.

ஜெயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிடுங்கிய பையை அவனிடமே கொடுத்தாள்.

"தம்பி, வெல்லம் நான் தரேன். இவருக்கும் தெனம் ஒரு பாட்டில் கலந்து குடுப்பியாப்பா?"