புடவைகளுக்கு நடுவே ஒரு பேய்

கொடியில் காயும் புடவைகளை விலக்கிக்கொண்டு வரும் அந்தப் பழைய படத்துப் பேயைப் பார்த்து இப்போது யாரும் பயப்படுவதில்லை. காப்பியடித்துக் காப்பியடித்து, ஊறுகாய் விளம்பரத்தில்கூட வந்துவிட்டது.

"மொத தடவ மாதிரி இன்னொரு வாட்டி பயப்படணுங்க" என்று கணவன் செழியனிடம் ஆசையாகக் கேட்டாள் மகிழினி. தியேட்டர் வாசலிலேயே இருந்த நினைவழிப்பு கவுண்டரில் அந்தப் படத்தை மட்டும் அவள் நினைவிலிருந்து அழித்துவிட்டார்கள்.

இருட்டில் புடவைகள் அசைந்தன. அலறியபடி அவன் கையை இறுகப் பிடித்தாள். செழியன் சொக்கிப்போனான். முன்பின் தெரியாத இருவரும் பழகத் தொடங்கியதே, இதே படத்தில், இந்தப் பிடியில்தான்.

சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"சாரிங்க, தெரியாம புடிச்சிட்டேன். தனியாவா வந்திருக்கீங்க?"

எத்தனையோ முறை பார்த்த படம் இன்றுதான் அவனை நடுங்க வைத்தது.

"ஆமாங்க" என்றான்.