ரிவர்சோ

ஆலங்குடி டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தாள் பிச்சையம்மாள். செத்துப்போன புருஷனை இன்னொரு தடவை பார்க்க வந்திருந்தாள்.

படத்தில் அவள் புருஷன் மலையாண்டியின் முகம் தெரியாது. வில்லனுக்குப் பதிலாக முகமூடி போட்டுக் கத்திச்சண்டை போடுவது தான்தான் என்று பட்டணத்திலிருந்து கடுதாசி எழுதியிருந்தான். அடுத்து வந்தது தந்தி. விஷக்காய்ச்சலில் போய்விட்டான், அங்கேயே அடக்கம் செய்தாயிற்று என்று சினிமாக் கம்பெனிக்காரர்கள் அடித்திருந்தார்கள்.

கத்திச்சண்டை அவளுக்கும் அத்துப்படி. எல்லாம் அடுப்படியில் படித்ததுதான். நாடகத்தில் இருந்த காலத்தில் அவனுடைய வாத்தியார் ஏதோ பழைய இங்கிலீஷ் நாடகத்திலிருந்து இரண்டு வார்த்தைகளைப் பிடித்து வந்திருந்தார். எந்த அடி என்று அடிக்கிறவன் முன்கூட்டியே உரக்கச் சொல்ல வேண்டும். 'பாசாடோ' என்றால் நெஞ்சுக்கு நேரே குத்து. இடப்பக்கம் விலக வேண்டும். 'ரிவர்சோ' என்றால் தலைக்குமேல் வீச்சு. குனிந்து முன்னால் பாய வேண்டும்.

அவள் அகப்பையை ஓங்கிக் கத்துவாள். அத்தனை பெரிய ஆள் விலகுவான், குனிவான். ஒருநாள் அவள் வாய் தவறி மாற்றிச் சொல்ல, அகப்பை குழம்போடு அவன் நெஞ்சில் இடித்தது.

"வார்த்தைய மாத்திறாத தாயி, உசுரு போயிரும்" என்று சிரித்தான்.

திரையில் முகமூடிக்காரன் வந்தான். அந்த ஒரு பக்கம் சரிந்த தோளைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

பாசாடோ என்றான் எதிரே நின்ற இளவரசன். மலையாண்டிதான் பழக்கியிருக்க வேண்டும். மலையாண்டி விலகினான். மறுபடி பாசாடோ. மறுபடி விலகினான். ஜனங்களுக்கு அது ஏதோ வீர முழக்கம், விசில் பறந்தது.

ரிவர்சோ.

மலையாண்டி குனிந்து பாய்ந்தான். கத்தி தலைக்குமேலே போகவில்லை. நேராக வந்தது.

சாகும்போது ஒரு சுற்றுச் சுற்றி விழ வேண்டும், அப்போதுதான் கைதட்டுவார்கள் என்று அவளிடம் எத்தனையோ தடவை விழுந்து காட்டியிருக்கிறான். இப்போது சுற்றவில்லை. மெதுவாக உட்கார்ந்தான். எதையோ தொலைத்தவன்போலத் தரையைத் தடவினான்.

கொட்டகையே கைதட்டியது.

படந்தானே, இதற்குப் போயா இப்படி அழுகிறாய் என்று கூட வந்திருந்த பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் அவள் கையைப் பிடித்தாள்.

"காய்ச்சலெல்லாம் இல்லடி" என்றாள் பிச்சையம்மாள். "அவரு சரியாத்தான் குனிஞ்சாரு."