இருமிய பொம்மை

ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சு அறையில், நோயாளிகள் வருமுன் தினமும் சோதனைக்காக ஒரு ரோபோ பொம்மையைப் படுக்க வைப்பார்கள். மூச்சு விடுவதுபோல் அதன் பிளாஸ்டிக் நெஞ்சு ஏறி இறங்கும். காற்று போகாது என்பது வேறு விஷயம். உள்ளே கடலை அளவில் ஒரு போலிக் கட்டி. அது நகர நகர, படக்கருவி இடம் சொல்ல வேண்டும். இயந்திரம் அங்கே கதிரைப் பாய்ச்ச வேண்டும்.

பொம்மையின் மூச்சு என்றும் ஒரே தாளம். இயந்திரம் அதை மனப்பாடம் செய்துவிட்டது. படக்கருவி வாய் திறக்குமுன் பாய்ச்சியது. குறி தப்பவில்லை.

"அப்புறம் நான் எதற்கு?" என்றது படக்கருவி.

"அழகுக்குத்தான் அக்கா," என்றது இயந்திரம்.

ஒருநாள் பொம்மை நடுவில் இருமியது. கதிர் கட்டியை விட்டு இதயத்தில் விழுந்தது.

"வேண்டுமென்றே இருமுகிறாயா தம்பி? பரீட்சையில் என்னைக் கவிழ்க்கவா?" என்றது இயந்திரம்.

"என் இதயம் பிளாஸ்டிக், அண்ணே. வெளியே பெஞ்சில் ஒருவர் வந்ததிலிருந்து இருமுகிறார். அவருடையது அப்படியில்லை."

பொம்மையை எடுத்துவிட்டு அவரைப் படுக்க வைத்தார்கள்.

இயந்திரம் குரலைத் தாழ்த்தியது. "அக்கா, கட்டி இப்போது எங்கே இருக்கிறது?"

"பொறு," என்றது படக்கருவி. "இருமி முடிக்கட்டும்."